நாகர்கோவில், மார்த்தாண்டம் ஸ்கேன் சென்டர்களின் ‘ப்ராஸ்டேட் பேக்கேஜ்’ எப்படி?

வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் சரி, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நடந்தாலும் சரி, ‘50 வயது தாண்டிய ஆண்களுக்கான பரிசோதனை’ என்று ஒரு ஃபிளெக்ஸாவது கண்ணில் படும். குறி ப்ராஸ்டேட், அதாவது ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான்: ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட்டுக்கான ரத்தச் சோதனை), யூரியா, க்ரியாட்டினின், மூத்திரப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். கூடவே தைராய்டு, விட்டமின் டி என்று பட்டியலை நீட்டிக் காட்டச் சில இணைப்புகள். ப்ராஸ்டேட்டைச் சோதிக்க விட்டமின் டி தேவையில்லை. அதை எடுத்துவிட்டு விலை கேளுங்கள்.

பேக்கேஜில் இருக்கிற சோதனைகளில் குற்றம் இல்லை. ஸ்கேனில் ஒரு எண் வரும், ரத்தத்தில் ஒரு எண் வரும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அங்கே ஆள் கிடையாது. இரண்டு கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த எண் நம்பத்தக்கது என்பதும் மெஷினுக்கு முன்னால், அரை மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. குடித்த தண்ணீர், சாப்பிடுகிற மாத்திரை, கக்கூஸ் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

முதலில், பேக்கேஜில் இல்லாதவை இரண்டு. ஒன்று, ஏழு கேள்விக் காகிதம். ஐ.பி.எஸ்.எஸ். என்பார்கள். ஒண்ணுக்குப் போன பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுகிறதா, ரெண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, அடக்க முடியவில்லையா, வேகம் குறைந்ததா, முக்க வேண்டியிருக்கிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. பைசா செலவில்லை. மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு ஸ்கேனைவிட இந்தக் காகிதம் உதவும். இரண்டாவது, விரல் பரிசோதனை. கையுறை போட்ட விரலை ஆசனவாய் வழியாக விட்டு டாக்டர் சுரப்பியின் பின்புறத்தைத் தடவிப் பார்ப்பது. அரை நிமிஷ வேலை. புற்று பெரும்பாலும் தொடங்குவது அந்தப் பின்புற ஓரத்தில்தான். பி.எஸ்.ஏ. நார்மலாக இருக்கும்போதே கல் மாதிரி ஒரு கட்டி விரலில் தட்டுப்படுவது உண்டு. ஸ்கேன் சென்டரில் இதைச் செய்ய மாட்டார்கள், செய்யும் இடமும் அது அல்ல. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சர்ஜரி ஓ.பி. சீட்டுப் போட்டுப் போகிறவருக்கு வரிசை நீளம்தான், ஆனால் முறை சரி: முதலில் டாக்டர், பிறகு டெஸ்ட். பேக்கேஜ் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது.

இனி ஸ்கேன்.

‘பாட்டா, வெள்ளம் குடிச்சாச்சா?’ என்பதுதான் ரிசப்ஷனில் முதல் கேள்வி. வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனில் மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அதன் வழியாக ப்ராஸ்டேட் தெரியும். ஒலி அலைக்கு அது ஜன்னல் மாதிரி. அதனால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே நாலைந்து டம்ளர் குடிக்கச் சொல்கிறார்கள். கோளாறு இங்கேதான் ஆரம்பம். குலசேகரத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ வருகிறவர் வீட்டிலேயே ஒரு லிட்டரைக் குடித்துவிட்டு பஸ் ஏறுகிறார். குலுங்கிக் குலுங்கி நாகர்கோவில் வந்து, டோக்கன் 14 என்று உட்காரும்போது பை வெடிக்கிற நிலை. அளவுக்கு மீறி நிறைந்த பையில் மூன்று தப்பு நடக்கும். பையின் சுவர் இழுபட்டு மெலிந்து தெரியும். தடித்திருந்தாலும் ரிப்போர்ட்டில் வராது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் லேசாக வீங்கித் தெரியும். ‘மைல்ட் ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ (லேசான சிறுநீரக வீக்கம்) என்று எழுதிவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மூன்றாவது, அப்படி இழுபட்ட பை ஒரே தடவையில் முழுசாகக் காலியாகாது. ஆகையால் மிச்ச மூத்திரக் கணக்கு கூடுதலாக வரும்.

எனவே வீட்டில் குடிக்காதீர்கள். சென்டருக்கு வந்து டோக்கன் வாங்கி, எத்தனை பேர் முன்னால் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அங்கே உட்கார்ந்து மெல்லக் குடியுங்கள். சாதாரணமாக ‘போகணும்’ என்று தோன்றுகிற அளவு போதும். ஏற்கெனவே சொட்டுச் சொட்டாகத்தான் போகிறவர், ஒரு தடவையாவது கத்தீட்டர் (மூத்திரத்தை வடிக்கும் குழாய்) போட வேண்டி வந்தவர் ஒரு லிட்டரை மடமடவென்று குடிக்கவே கூடாது. திடீரென்று முழு அடைப்பு வந்து அங்கிருந்து நேரே காஷுவால்டிக்குப் போக நேரிடும். இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் தண்ணீர் அளவு சொல்லி வைத்திருப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் அதை மீற வேண்டாம்.

ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும்? ‘கிரேடு 2 ப்ராஸ்டடோமெகலி’ (ப்ராஸ்டேட் வீக்கம்) என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அது பாதி ரிப்போர்ட். மூன்று பக்க அளவுகளும் சென்டிமீட்டரில் வேண்டும். மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் கனஅளவு. 4.8, 4.2, 4.5 என்று இருந்தால் 47 சி.சி. வரும், கிராமிலும் ஏறக்குறைய அதுவேதான். வாலிபத்தில் 20, 25 சி.சி. இருப்பது வயதாக ஆகப் பெருக்கும். ஆனால் இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்சரை ஒவ்வொரு பக்கத்திலும் 3 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் அதே சுரப்பி 57 சி.சி. ஆகிவிடும். ‘ஆறு மாசத்தில் பத்து கூடிப்போச்சே’ என்று கலங்கி வருகிறவர்களில் பலருக்குக் கூடியது சுரப்பி இல்லை, கர்சர். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அதே சென்டர், முடிந்தால் அதே டாக்டர்.

அளவைவிட முக்கியமான ஒன்றைப் பல ரிப்போர்ட்டுகளில் காணோம்: சுரப்பியின் நடு மடல் மூத்திரப்பைக்குள் எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. 5-க்குக் கீழே என்றால் பெரிதாகக் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் அது வாசலில் வைத்த கல் மாதிரி. மூத்திரம் இறங்கும்போது வந்து அடைக்கும். 30 சி.சி. சுரப்பி இந்த நீட்டத்தால் அடைப்பதும், 80 சி.சி. சுரப்பி தொந்தரவே தராமல் இருப்பதும் யூராலஜியில் (மூத்திர நோய் மருத்துவத்தில்) தினசரிக் காட்சி. கிரேடைப் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்கக் கூடாது என்பது இதனால்தான். பைச் சுவரின் தடிமன், கல் இருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பவையும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது மிச்ச மூத்திரம். ஒண்ணுக்குப் போய்விட்டு வந்த பிறகு மறுபடி ஸ்கேன் செய்து பையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்ப்பது. ப்ராஸ்டேட் ஸ்கேனின் உயிரே இதுதான். கூட்டம் அதிகமான நாளில் முதலில் பலியாவதும் இதுதான். முதல் ஸ்கேன் முடிந்ததும் ‘பாத்ரூம் போயிட்டு வந்து வெளியே இருங்க’ என்பார்கள். அதற்குள் நாலு பேரை உள்ளே விட்டுவிடுவார்கள். ஒரு லிட்டர் குடித்த உடம்பு அரை மணி நேரத்தில் இன்னொரு 200 மில்லியை இறக்கிவிடும். பிறகு பார்த்து ‘மிச்சம் 220 மில்லி’ என்று எழுதினால் அது மிச்சம் அல்ல, புது வரவு. போய்விட்டு வந்த ஐந்து, பத்து நிமிஷத்துக்குள் பார்த்தாக வேண்டும். பாத்ரூமுக்குப் போகும்போதே ‘வந்ததும் அடுத்து நான்தானே?’ என்று உறுதி வாங்கிக்கொண்டு போங்கள். 50 மில்லிக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. 100, 200 என்று வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது. 300-க்கு மேல் தொடர்ந்து நின்றால் உடனே யூராலஜிஸ்டைப் பாருங்கள், வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

இதனால் ஒரு சென்டரை எடைபோடச் சுலபமான அளவுகோல் ஒன்று உண்டு. மெஷின் என்ன கம்பெனி என்று பார்க்காதீர்கள், கக்கூஸ் எங்கே என்று பாருங்கள். ஸ்கேன் அறையை ஒட்டியே இருந்து, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்து, முட்டுவலிக்காரர் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்தால் அந்த இடத்தில் மிச்ச மூத்திரத்தைச் சரியாகப் பார்க்கிறார்கள் என்று நம்பலாம். மாடி ஏறி இறங்க வேண்டும், வெளியே நாலு பேர் கதவைத் தட்டுகிறார்கள் என்றால் எந்த மனுஷனுக்கும் முழுசாக வராது.

சுவரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் மெஷின் வைத்திருக்கும் எந்த இடமும் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டு பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். ‘சிசுவின் பாலினம் அறிவது குற்றம்’ என்ற பலகைக்குக் கீழே எழுபது வயது தாத்தாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான், ஆனால் அந்தச் சான்றிதழ் அவர்களுக்கும் காவல். ஸ்கேன் செய்யப் பதிவுபெற்ற டாக்டர் வேண்டும். டாக்டர் இல்லாத நேரத்தில் வேறு யாரோ ப்ரோபை எடுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

வயிற்று ஸ்கேன் புற்றைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. ‘ஸ்கேன் நார்மல், கேன்சர் இல்லை’ என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம்.

அதற்குத்தான் பி.எஸ்.ஏ. சுரப்பி சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு கசிகிறது என்ற கணக்கு. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. பேக்கேஜில் சர்க்கரைக்காகப் பட்டினி போடுகிறார்கள், அவ்வளவே. ஊசி குத்துவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு, யாரும் கேட்பதில்லை. கடந்த இரண்டு நாளில் விந்து வெளியேறியதா? ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பெண் இதைக் கேட்க மாட்டார், நம் ஆட்களும் சொல்ல மாட்டார்கள். அதனால் நீங்களே இரண்டு நாள் தள்ளி வாருங்கள். மூத்திரத்தில் எரிச்சலோ காய்ச்சலோ இருந்ததா? கிருமித் தொற்று பி.எஸ்.ஏ.-வை எங்கேயோ ஏற்றிவிடும். குணமாகி ஆறு முதல் எட்டு வாரம் போக வேண்டும். சமீபத்தில் கத்தீட்டர் போட்டார்களா? அதற்கும் இதே காத்திருப்புதான்.

மாத்திரைதான் பெரிய பொறி. ப்ராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு இரண்டும் ஆறு மாதம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ.-வைப் பாதியாக்கிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று வந்தால் அது உண்மையில் 6. லேப் கம்ப்யூட்டர் 4-க்குக் கீழே என்று பார்த்துக் கறுப்பு எழுத்தில் நார்மலாக அச்சடித்துவிடும். இன்னொரு ப்ராஸ்டேட் மாத்திரையான டாம்சுலோசின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் டாம்சுலோசினோடு டூட்டாஸ்டெரைடு சேர்ந்த மாத்திரை கடைகளில் ஏராளம். அட்டையின் பின்புறம் படித்தால்தான் தெரியும். முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடும் ஒரு மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடும் அதே வேலையைச் செய்யும். முடி மாத்திரைகளில் அதிக அளவில் இருக்கும் பயோட்டின் வேறு வகை: சில மெஷின்களின் அளக்கும் முறையிலேயே குறுக்கிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டும். ஆகவே சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய், பாரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ரத்தம் எடுக்கும் இடம் வேறு, சோதிக்கும் லேப் வேறாக இருக்கலாம். களியக்காவிளையிலோ தக்கலையிலோ ஒற்றை அறைக் கலெக்‌ஷன் சென்டரில் எடுத்த ட்யூப் சாயங்காலம்தான் வண்டி ஏறுகிறது என்று வையுங்கள். மொத்த பி.எஸ்.ஏ.-வுக்கு இதனால் பெரிய சேதமில்லை. ரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் திரியும் பகுதியான ‘ஃப்ரீ பி.எஸ்.ஏ.’ அப்படி இல்லை. சில மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் குறைந்துபோகும். குறைந்தால் மொத்தத்தில் அதன் விகிதம் தாழ்ந்து, புற்றுச் சந்தேகம் வீணாகக் கூடும். 4-க்கும் 10-க்கும் இடையில் இருப்பவருக்குத்தான் அந்த விகிதம் பயன்படும்: 25 சதவீதத்துக்கு மேல் என்றால் நிம்மதி, 10-க்குக் கீழே என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இந்த டெஸ்ட்டை அங்கேயே சென்ட்ரிஃப்யூஜ் சுற்றும் லேபில் மட்டும் கொடுங்கள். ரிப்போர்ட்டில் எந்த முறையில் அளந்தார்கள் என்று சின்ன எழுத்தில் இருக்கும். முறை மாறினால் எண்ணும் மாறும். இந்த வருஷம் ஒரு லேப், அடுத்த வருஷம் இன்னொரு லேப் என்று தாவினால் ஏற்றமா இறக்கமா என்று சொல்லவே முடியாது. லேப்களுக்கான தேசிய அங்கீகாரமான என்.ஏ.பி.எல். முத்திரை இருப்பது நல்லது, பி.எஸ்.ஏ. அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பது அதைவிட நல்லது.

4 என்ற எல்லையும் இரும்புக் கோடு கிடையாது. நாற்பதுகளில் இருப்பவருக்கு 2.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். எழுபதைத் தாண்டியவருக்கு 6.5 வரை பொறுக்கலாம். கூடியிருந்தால் முதல் வேலை பதற்றம் இல்லாமல் சில வாரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுப்பதுதான்.

இப்போது அந்த இரண்டு கவர்களுக்கு வருவோம். ரத்தக் கவரிலிருக்கும் பி.எஸ்.ஏ.-வை ஸ்கேன் கவரிலிருக்கும் சி.சி.-யால் வகுங்கள். 47 சி.சி. சுரப்பிக்கு 4.2 என்றால் 0.09, பெரிய சுரப்பி கொஞ்சம் அதிகம் கசிகிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதே சுரப்பிக்கு 9 என்றால் 0.19. 0.15-ஐத் தாண்டினால் யூராலஜிஸ்ட் எம்.ஆர்.ஐ. பற்றிப் பேசுவார். பேக்கேஜ் விற்பவர்கள் கையில் இரண்டு எண்ணும் இருக்கின்றன. இந்த ஒரு வகுத்தலைப் போட்டுத் தருவதற்கு மட்டும் மனசு வருவதில்லை. செய்தால் ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். இப்போதைக்கு இரண்டரை.

மூத்திர வேகம் பார்க்கும் யூரோஃப்ளோமெட்ரி ஸ்கேன் சென்டர்களில் அபூர்வம். யூராலஜி க்ளினிக்கில் கேளுங்கள். புனலுக்குள் போக வேண்டும், கீழே உள்ள மெஷின் கிராஃப் போடும். 150 மில்லியாவது போனால்தான் கணக்கில் சேரும். நடுவில் தாரையைப் புனலில் அங்குமிங்கும் ஆட்டினால் கிராஃபில் பொய்ச் சிகரங்கள் வரும். ஒரே இடத்தில் விழட்டும். உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் நல்லது, 10-க்குக் கீழே என்றால் கோளாறு. அடைப்பினாலா, நாள்பட்ட சர்க்கரையால் பை தளர்ந்துபோனதாலா என்று இந்த மெஷினுக்குத் தெரியாது. சர்க்கரைக்காரர்கள் ஆபரேஷனுக்குத் தலையாட்டும் முன் இதை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ.-க்குப் போன் செய்யும்போது ‘பெல்விஸ் எம்.ஆர்.ஐ. வேணும்’ என்று சொல்லாதீர்கள். ‘மல்ட்டி பாராமெட்ரிக் ப்ராஸ்டேட் எம்.ஆர்.ஐ., பை-ராட்ஸ் போட்டு ரிப்போர்ட் தருவீங்களா?’ என்று கேளுங்கள். பை-ராட்ஸ் என்பது புற்றுச் சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை போடும் மதிப்பெண். எதிர்முனையில் ‘என்ன ராட்ஸ்?’ என்றால் வேறு இடம் தேடலாம். ப்ராஸ்டேட்டுக்கு மெல்லிய துண்டுகளாக எடுத்த டி2 படமும், நீர் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படமும், பொதுவாக மருந்து ஏற்றி எடுத்த படமும் வேண்டும். 3 டெஸ்லா மெஷின் நல்லது, 1.5-லும் சிக்னல் வாங்கும் நல்ல காயில் (coil) போட்டு எடுத்தால் வேலை நடக்கும். மலக்குடலில் வாயு இருந்தால் டிஃப்யூஷன் படம் நெளிந்து கெட்டுவிடும். அதனால் காலையில் வயிறு ஒழுங்காகக் கழிந்த பிறகே போகவும்; முதல் நாள் ராத்திரி பருப்பும் கிழங்கும் தவிர்க்கலாம். மரச்சீனிக் கிழங்கு இல்லாமல் ஒரு ராத்திரி கழியும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள் முன்பே சொல்ல வேண்டும். க்ரியாட்டினின் கூடியிருந்தால் மருந்து ஏற்றுவதை டாக்டர் முடிவு செய்வார். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும்.

பை-ராட்ஸ் 1, 2 என்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம். 4, 5 என்றால் பயாப்ஸி, அதாவது ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது. 3 என்றால் முன்பு போட்ட அந்த வகுத்தல் கணக்கு மறுபடி உதவும். எம்.ஆர்.ஐ.-யை பயாப்ஸிக்கு முன்னால் எடுங்கள். ஊசி குத்திய பின் உள்ளே ரத்தக் கசிவு இருந்து படத்தைக் குழப்பும், பிறகு ஆறு வாரமாவது காத்திருக்க வேண்டும். முதல் கட்டத்திலேயே சி.டி. ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் எதற்கு என்று கேளுங்கள். சுரப்பிக்குள் இருக்கும் புற்றை சி.டி. காட்டாது. பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் பொதுவாக புற்று உறுதியான பிறகு அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க.

பயாப்ஸிக்கு முன் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். பிறகு சில வாரம் விந்தில் ரத்தம் தெரிவது சகஜம். குளிரும் காய்ச்சலும் வந்தால் மட்டும் விடிய விடியக் காத்திருக்கக் கூடாது; ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கலாம்.

புற்று உறுதியானால் மாவட்டத்தின் பாதிப் பேர் கிளம்புவது திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குத்தான் (மண்டலப் புற்றுநோய் மையம்). அங்கே ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ‘சி.டி. உண்டோ?’ என்று கேட்பார்கள்; சி.டி. ஸ்கேன் அல்ல, டிஸ்க். எம்.ஆர்.ஐ. சென்டரில் படம் முழுவதும் ஏற்றிய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலேயே ஒரு தடவை போட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காலி டிஸ்க்கோடு களியக்காவிளை தாண்டிப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.